புளிப்பு மண்ணில் நின்ற நெல்

கினிகத்தேனையில் ஏறிய கணவனும் மனைவியும் ஹட்டன் பஸ்ஸில் என் பின்னால் உட்கார்ந்தார்கள்.

“இந்த போகம் ஆட்டுக்குத்தான் அறுவடை,” என்றாள் அவள்.

“புளிப்பு மண்ணு. புது வெத தாங்கல, செவந்து கருகிருச்சு. நான் என்ன செய்ய?”

“நடுவுல நாலு குத்து ஒசரமா, பச்சையா நின்னுச்சே. அதையும் புடுங்கி ஆட்டுக்குப் போட்டீங்களே.”

“அது வேற சாதி நெல்லு, வெதையில கலந்துருச்சு. கலந்து நிக்கிறத புடுங்கணும்னு வெத ஆபிசர் எங்க அப்பாவுக்கே சொல்லிக் குடுத்திருக்காரு.”

“அந்த மண்ணுல நின்னது அது ஒண்ணுதாங்க. இனி வெதைக்கு எங்க போறது?”

“படிச்சவரு தப்பாவா சொல்லியிருப்பாரு?”

அந்தப் பக்கத்து வயல்களில் அந்நாளில் விதை அதிகாரியாக அப்படிச் சொல்லித் திரிந்தவன் நான்தான். ஹட்டன் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.