தென் பள்ளத்தில் ஊதுகிறவன்

“அது மான் இல்ல மாப்ள... ஆளு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிற? எந்த மான் இப்படிக் கத்தும்? வாக்குவம் கிளீனர்ல பூனை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.”

“கொஞ்சம் சும்மா இரு மச்சான். இன்னொரு தடவ ஊதட்டும்.”

விடியற்காலை நாலே முக்கால். காட்டு மண்சாலை முடிகிற இடம். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான்... ஆளரவமில்லாத இடம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அங்கே இருபத்து மூன்று வண்டிகள் நின்றன. செப்டம்பர், வில் வேட்டைக் காலம், அரசாங்கக் காடு. அனுமதிச் சீட்டு வாங்கிய யாரும் வரலாம். எல்லோரும் வந்திருந்தார்கள்.

காதருகே கையைக் குவித்துக்கொண்டு நின்றவன் லோவெல். பக்கத்தில் காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவன் ரோஸ்கோ, லோவெலின் மனைவிக்கு அண்ணன்.

மலைக்குள்ளிருந்து மறுபடியும் சத்தம் வந்தது. அடித்தொண்டை உறுமலாய்த் தொடங்கி, மேலே ஏறி, விசிலாகி, பிசிறில்லாமல் முடிந்தது.

“இல்ல,” என்றான் லோவெல். “கீனன் இல்ல.”

ரோஸ்கோ காபியைக் கீழே ஊற்றினான். அதற்குப் பிறகு அவன் கேலி பேசவில்லை.

கீனன் லோவெலின் தம்பி. முன்பல் பாதி உடைந்தவன். எல்க் என்கிற பெரிய மானில் ஆணை வரவழைக்க, அதன் குரலில் கத்தும் குழாயை அவன் வாயில் வைத்து ஊதினால், சத்தம் உச்சிக்குப் போகும்போது அந்த உடைந்த பல் வழியாகக் காற்று நழுவும். ஈ...ஈ...ஃப்ஸ்ஸ்... என்று ஒரு ஓட்டை. பிறகு மறுபடியும் ஈ. ஊரில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்த ஓட்டைச் சத்தத்துக்கும் மான்கள் வந்தன என்பதுதான் வேடிக்கை.

போன வருடம் இதே இடத்தில் அவன் வண்டி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காகிதம். ‘தனி ஆள். வடக்குப் பள்ளம். திங்கள் வரை.’ எல்லா வண்டியிலும் அப்படி ஒன்று இருக்கும். இன்னார் இந்தப் பக்கம் போயிருக்கிறார், நீ வேறு பக்கம் போ என்று பொருள். கூட்டம் அதிகமாக அதிகமாக, காகிதத்தில் உண்மை எழுதுவதும் குறைந்துபோனது. நல்ல இடம் தெரிந்தவன் எதிர்ப் பக்கத்தை எழுதிவிட்டுப் போவான். அதைக் கீனனுக்குச் சொல்லிக்கொடுத்ததே லோவெல்தான்.

அந்தச் சனிக்கிழமை லோவெல் பின்னால் தனியாக வந்தான். காகிதத்தைப் பார்த்தான். சரி, தம்பி வடக்கே, நான் தெற்கே என்று ஏறினான். சாயங்காலம் தென் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது கீழே, மரங்களுக்குள்ளிருந்து வந்தது.

ஈ...ஈ...ஃப்ஸ்ஸ்... ஈ.

லோவெலுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது. ‘ஊரானுக்குப் பொய் எழுது, சரி. கூடப்பிறந்தவனுக்குமா?’ ஒரு பள்ளத்தில் ஒருத்தன் ஊதினால் அது அவனுடைய பள்ளம், இன்னொருத்தன் இறங்கக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம். லோவெல் வழக்கத்தை மதித்தான். திரும்பி நடந்தான். முதுகுக்குப் பின்னால் அது ஊதிக்கொண்டே இருந்தது... நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். மானைக் கூப்பிட எந்த வேட்டைக்காரனும் அப்படி ஊத மாட்டான். அதையும் அவன் கவனித்தான். கவனித்துக்கொண்டே நடந்தான்.

செவ்வாய்க்கிழமை கீனனின் மனைவி மார்லா போன் செய்தாள். தேடப் போனவர்கள் காகிதத்தைப் படித்துவிட்டு வடக்கே போனார்கள். லோவெலும் அவர்களோடு வடக்கேதான் போனான். வாயைத் திறந்தால், ‘கேட்டதும் ஏன் இறங்கிப் போகலை?’ என்று அடுத்த கேள்வி வருமே. நான்கு நாள் வடக்கே தேடினான். ஐந்தாம் நாள் சொன்னான். அன்று இரவே இரண்டு அடி பனி விழுந்தது.

கீனன் கிடைக்கவில்லை.

“ஒரு பூட்ஸாவது கொண்டுவாங்க,” என்று மார்லா சொல்லியிருந்தாள். “எதையாவது புதைச்சாத்தான் என்னால அழ முடியும்.”

இந்த வருடம் லோவெல் வில்லைக் கொண்டுவரவே இல்லை. ஒன்பது நாள் விடுப்பு. காதை மட்டும் கொண்டுவந்தான். எங்கே சத்தம் கேட்டாலும் போனான். எந்தப் பள்ளத்திலும் இறங்கினான். வழக்கத்தை மீறி.

முதல் நாள், ஊசியிலை மரத்தடியில் முகமெல்லாம் கறுப்புப் பச்சைச் சாயம் பூசிய ஒருத்தன் எழுந்து நின்றான்.

“யோவ்! ஒரு மணி நேரமா உன்னை மான்னு நெனச்சு ஊதிக்கிட்டு இருக்கேன்யா!”

“மன்னிச்சிருங்க. உடைஞ்ச சத்தமா யாராவது ஊதிக் கேட்டீங்களா?”

“இங்க எல்லாமே உடைஞ்ச சத்தம்தான். மொத்த டெக்சஸும் இங்கதான் வந்து இறங்கியிருக்கு.”

“நீங்க எந்த ஊரு?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “டெக்சஸ்தான்.”

மூன்றாம் நாள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அந்த அம்மாள் வில்லை இறக்காமலே பேசினாள். “இன்னைக்கு நீ ஆறாவது ஆளு. ஒவ்வொருத்தனும் தப்பா வந்துட்டேன்னுதான் சொல்றான். நீ என்ன சொல்லப் போற?” லோவெல் தம்பியைப் பற்றிச் சொன்னான். அவள் வில்லை இறக்கினாள். ஒரு துண்டு உலர்ந்த இறைச்சி கொடுத்தாள். பிறகு மெதுவாக, “போன வருஷம் நாங்களும் கேட்டோம்பா,” என்றாள். “சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை... யாரோ கத்துக்குட்டின்னு நெனச்சோம். அந்தப் பக்கமே போகலை.”

அதற்குப் பிறகு லோவெல் விசாரிக்க விசாரிக்க, அதே பதில். நாங்களும் கேட்டோம். ஆளுன்னு தெரிஞ்சுது, விலகிப் போயிட்டோம். திங்கட்கிழமைகூட கேட்டுச்சு. பதினோரு பேர் சொன்னார்கள். பதினோரு பேரும் மரியாதை தெரிந்தவர்கள்.

ஒன்பதாம் நாள். மதியத்துக்கு மேல் பனி வரும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்தே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. டெக்சஸ்காரன் கையாட்டிவிட்டுப் போனான். இரண்டு மணிக்கு அந்த இடத்தில் இவர்களுடைய வண்டி ஒன்றுதான் நின்றது. ஈரச் சேற்றில் இருபத்திரண்டு வண்டிகளின் தடம், அவ்வளவுதான்.

“போதும் மாப்ள. கிளம்பு.”

“தென் பள்ளத்துல அடிவரைக்கும் இன்னும் போகலை. யாரோ ரெண்டு பேர் அங்க கூடாரம் போட்டிருந்தாங்க. இப்பதான் காலியாயிருக்கு.”

“போயி?”

“இன்னைக்குத்தான் மச்சான் மலையில யாரும் இல்ல. இன்னைக்கு ஒரு சத்தம் கேட்டா...”

ரோஸ்கோ அவன் முகத்தைப் பார்த்தான். “கேட்டா என்ன? ஒரு வருஷமாச்சு லோவெல். என்ன கேக்கும்னு நெனக்கிற?”

லோவெல் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினான். கையுறையை மாட்டிக்கொண்டான்.

“அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நான் கிளம்பிடுவேன், தேடிக்கிட்டு உள்ள வரமாட்டேன். என்னால முடியாது. சொல்லிட்டேன்.”

விளிம்பை அடையும்போது பனி தொடங்கியிருந்தது. பெரிய பெரிய துகள்கள், சத்தமில்லாமல். பள்ளத்துக்குள் இறங்க இறங்க வெளிச்சம் நீலமானது. தன் மூச்சு, தன் பூட்ஸ் சத்தம். வேறெதுவும் இல்லை. பறவைகூட இல்லை. அடியில் பாறைகள் சரிந்து கிடந்த இடத்தை நெருங்கினான். நின்றான்.

இடப்பக்கம். அறுபது தப்படி தள்ளி.

ஈ...ஈ...ஃப்ஸ்ஸ்... ஈ.

அவனுக்கு வந்தது பயம் என்று சொல்ல முடியாது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. ஓடினான். மரக்கிளைகள் முகத்தில் அறைந்தன. போய்ப் பார்த்தால் ஒரு விழுந்த மரம். அதன் மேல் விரற்கடை பனி. ஒரு தடம் இல்லை. ஆனால் வாசனை இருந்தது... புதினா போட்ட மெல்லும் புகையிலை. கீனன் கன்னத்தில் அடக்கிக்கொள்வானே, அது. காற்று மேற்கிலிருந்து வீசியது. சட்டென்று மாறிக் கிழக்கிலிருந்து வீசியது. வாசனை அப்போதும் காற்றோடுதான் வந்தது.

“கீனன்?”

பின்னால் ஊதியது. அவன் வந்த வழியில்.

திரும்பி ஓடினான். பாறைகளைக் கையால் புரட்டினான். கையுறை கிழிந்தது. ஒன்றுமில்லை. கல், அதற்குக் கீழே கல்.

இப்போது மேலே, விளிம்பருகே. அதே ஓட்டை. அதே மூச்சு. பாதி ஏறியிருப்பான்... கீழே, அவன் புரட்டிப்போட்ட பாறைகளுக்குள்ளிருந்து ஊதியது. மேலே இருப்பதும் நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்து ஊதின.

பிறகு மூன்று.

பிறகு அவன் எண்ணவில்லை. வலது சரிவில், ஓடைக்கு அந்தப் பக்கம், தலைக்கு மேல் மரத்தில், காலடி மண்ணில். வடக்கே, மலைக்கு அப்பால் இருக்கும் அந்த இன்னொரு பள்ளத்தில்கூட. பதினோரு பேர் பதினோரு இடத்தில் கேட்டதும், அவர்களுக்கு முன்னால் அவன் கேட்டதும், யாருமே கேட்காததும்... மலை முழுக்க ஒரே ஒரு உடைந்த பல்.

மணி ஐந்தேகால். தூரத்தில் ரோஸ்கோ ஹார்ன் அடித்தான். நீளமாக ஒன்று. மறுபடியும் ஒன்று. பிறகு எஞ்சின் சத்தம் மெல்லத் தேய்ந்தது.

லோவெல் பனியில் மண்டியிட்டான். தொப்பியைக் கழற்றினான், நன்றாகக் கேட்கட்டும் என்று. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை. வாயருகே கையைக் குவித்தான். குரல் உடைந்து வந்தது.

“நான் இறங்கி வந்துட்டேன்டா... எங்க இருந்தாலும் வர்றேன். ஒரே ஒரு இடத்துல இருந்து மட்டும் ஊதுடா.”