எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி மாதம், பின்னிரவு இரண்டு மணி. கிழக்கே அடுத்த ஊருக்குப் போகிற காட்டுப் பாதை… பகலிலேயே அதில் தனியாகப் போக ஆள் யோசிப்பான். அந்த நேரத்தில் அங்கே ஒரு பனிச்சறுக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. ஒரு குதிரை, ஒரு லாந்தர், மூன்று பேர். வயிற்றுக்குள் இருந்ததையும் சேர்த்தால் நான்கு.

சோளம் உரிக்கிற கை ஓய வேண்டாம், காதை மட்டும் இங்கே கொடுங்கள். களஞ்சியக் கதவை யாராவது சாத்துங்கள்… ம். இது என் சிநேகிதி பேஷன்ஸின் பெரியம்மாவுக்கு நடந்தது. ஹெப்சிபா என்று பெயர், மருத்துவச்சி. சாகிற வாரத்தில்தான் இதை வாய் திறந்து சொன்னாள்.

வண்டியை ஓட்டியவர் எலியாகிம் டன்வெல். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் அவர் நிலம். ஊர்ச்சபைக்குத் தலைவர் அவர், நீதிபதியும் அவர், பிறப்பு இறப்பு எழுதுகிற ஊர்ப் புத்தகமும் அவர் மேஜையில். அப்புறம் யார் யாரைக் கேட்பது? ஒரே மகன் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் செத்துப்போனான். மருமகள் தாமசின் நிறைமாதம். டன்வெல் வம்சத்தில் மிச்சம் அந்த வயிறு ஒன்றுதான்.

அப்படிப்பட்டவளை, வலி கண்ட பிறகு, கணப்பு எரிகிற வீட்டிலிருந்து காட்டுக்கு ஏன் கொண்டுபோகிறார்? அதற்கு இரண்டு குளிர்காலம் பின்னால் போக வேண்டும்.

அவர் வீட்டில் கெசியா என்று ஒரு வேலைக்காரப் பெண். வெளியூர் அனாதை. பதினெட்டு வயதில் வயிறு தெரிந்தது. நம் சட்டம் உங்களுக்குத் தெரியும், பிள்ளை எந்த ஊர் மண்ணில் விழுகிறதோ அந்த ஊர்தான் அதற்குச் சோறு போட வேண்டும். கல்யாணம் ஆகாதவள் என்றால், வலி பொறுக்காத நேரத்தில் மருத்துவச்சி கேட்க வேண்டிய கேள்வியும் தெரியும். தகப்பன் யார்? அந்த நேரத்தில் வாயில் பொய் வராது என்பார்கள். மருத்துவச்சி அதைச் சபையில் போய்ச் சொல்லியாக வேண்டும்.

ஹெப்சிபா கேட்டாள். கெசியா சொன்னாள். எலியாகிம் டன்வெல் என்று, முழுப் பெயரையும் சொன்னாள்.

ஹெப்சிபா குடியிருந்த வீடு அவர் நிலத்தில் இருந்தது. கேட்டதை அப்படியே விழுங்கிவிட்டாள். மறு நாழிகையில் எலியாகிம் வந்தார், கையில் ஊரை விட்டு வெளியேற்றும் உத்தரவு, மை இன்னும் காயவில்லை. துடிக்கிறவளை வெறுங்காலோடு வண்டியில் போட்டு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். அடுத்த ஊர்க்காரன் மட்டும் இளைத்தவனா? அவர்கள் நீளக் கழியோடு நின்று இந்தப் பக்கம் தள்ளினார்கள். அங்கே தள்ள, இங்கே தள்ள… விடியும்வரை. பெற்றவளும் போனாள், பிள்ளையும் போனது. குழந்தையின் வாய் நிறையப் பனி இருந்தது. ஊர்ப் புத்தகத்தில் ஒரு வரி எழுதவில்லை பாவி.

அதற்குப் பிறகு டன்வெல் நிலத்தில் ஒரு குட்டி உயிரோடு விழவில்லை. ஆடு, மாடு, பன்றி… எல்லாம் செத்தே பிறந்தன. ஜூலை மாதம், புல் அறுக்கிற வெயிலில் ஒரு கன்று விழுந்தது. அதன் வாயில் ஹெப்சிபா விரலை விட்டுப் பார்த்தாள். பனி.

ஒரே ஒரு பசு வேலியை உடைத்துக்கொண்டு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் ஈன்றது. அந்தக் கன்று பிழைத்தது. எலியாகிமுக்கு அது போதும். பேரனை அந்தப் பக்கம் பெற வைப்பது, கையோடு இந்தப் பக்கம் கொண்டுவந்து புத்தகத்தில் எழுதுவது. அன்று ஒருத்தியை எதற்காக அந்தக் கல்லைத் தாண்ட வைத்தாரோ, இன்று அவரே தாண்டப் போனார்.

கல்லுக்குப் பக்கத்தில் குதிரை நின்றுவிட்டது. சாட்டைக்கும் அசையவில்லை. காற்று இல்லை. ஈரக் கம்பளியும் கொழுப்பு மெழுகுவர்த்தியும் கலந்த வாடை, பிரசவ அறையில் அடிக்கிற வாடை… அப்போது வண்டியின் மரத்தில் ஒரு சத்தம். டக்… டக்… கழியால் தட்டுகிற மாதிரி. எதிரே யாரும் இல்லை.

தாமசினைக் கைத்தாங்கலாக நடத்திக் கல்லைத் தாண்டினாள் ஹெப்சிபா. பனியில் கம்பளியை விரித்துப் படுக்க வைத்தாள். தலை தெரிந்தது, ஆனால் வரவில்லை. ஒரு நாழிகை போயிற்று. தாமசினின் கை ஹெப்சிபாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, ஐந்து விரலும் பதிந்துவிட்டன.

"அக்கா, யாரோ என் தலைமாட்டுல உக்காந்திருக்காங்க," என்றாள் தாமசின். "அவங்க கால்ல செருப்பில்ல."

ஹெப்சிபா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனால் காதுக்குள் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. அவள் எத்தனையோ பிரசவத்தில் கேட்ட கேள்வியை, அவள் கேட்கிற அதே நிதானத்தில், வேறொரு குரல் கேட்டது.

"தகப்பன் யாரு? சொல்லு."

சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை, கெசியா சொன்ன அதே பெயர். இரண்டடியில் எலியாகிம் லாந்தரோடு நிற்கிறார். ஹெப்சிபாவுக்குத் தன் வீட்டு அடுப்பு கண்ணில் வந்தது, தன் கட்டில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூச்சு விலகிப் போயிற்று. குழந்தை உடனே வழுக்கிக்கொண்டு கையில் விழுந்தது. ஆண் பிள்ளை. வீலென்று அழுதது, காடே எதிரொலித்தது. இளஞ்சூடான அந்த உடம்பைத் துடைத்துச் சுற்றும்போது ஹெப்சிபா அழுதுவிட்டாள். பிழைத்தது, பிழைத்தது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தாமசின் இரண்டு கையையும் நீட்டினாள். எலியாகிம் நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் பெற்றவள் மடியில் கிடக்கட்டும், விடிந்ததும் போகலாம் என்று ஹெப்சிபா கெஞ்சினாள். டன்வெல் பிள்ளைக்கு அடுத்த ஊரில் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பொதியை மார்போடு அணைத்து, கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் காலை வைத்தார்.

அழுகை நின்றது.

லாந்தரைக் கீழே வைத்துக் கம்பளியைப் பிரித்தார்… உள்ளே பனி. கட்டிப் பனி, குழந்தை அளவுக்கு. அந்த நேரத்தில் கல்லுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவே, அதே அழுகை மறுபடி கேட்டது. யாரோ தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி, விலகி விலகிப் போயிற்று.

தாமசின் எழுந்தாள். ரத்தம் சொட்டச் சொட்ட அழுகை போன திசையில் நடந்தாள். ஹெப்சிபா பிடித்த கையை உதறிவிட்டாள். காலையில் ஆட்கள் போய்ப் பார்த்தபோது இரண்டு பெண்களின் கால்தடம் பக்கத்தில் பக்கத்தில் காட்டுக்குள் போயிருந்தது. ஒன்று வெறுங்கால். திரும்பின தடம் இல்லை.

அந்த இரவில், தாமசின் மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் ஹெப்சிபாவுக்கு வாய் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"ஐயா… கெசியா அன்னைக்கு உங்க பேரைத்தான் சொன்னா."

எலியாகிம் கம்பளியின் நுனியைத் திரும்பப் போர்த்திக்கொண்டே பதில் சொன்னார்.

"தெரியும். அதனாலதான் நீ இன்னும் அந்த வீட்டுல இருக்கே."

வீட்டுக்குப் போனதும் அந்தப் பொதியைத் தொட்டிலில் கிடத்தினார். புத்தகத்தைத் திறந்து, இந்த ஊரில் பிறந்தான் என்று பேரன் பெயரை எழுதினார். பிறகு தொட்டிலைக் கணப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விறகு மேல் விறகு. மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. ஆற்றில் பனி உடைந்தது. தொட்டிலில் இருந்தது உருகவில்லை.

மே மாதம் அவர் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். உடம்பைக் குளிப்பாட்ட ஹெப்சிபாவைத்தான் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது, வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொள்ள, தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

பனியின் மேல், வாய் இருக்க வேண்டிய இடத்தில், விரல் நுனி அளவு ஒரு குழி விழுந்திருந்தது. அதிலிருந்து மெல்லிசாக ஆவி வந்தது… நின்றது… மறுபடி வந்தது.