சண்டைக்குப் போய் வைத்த செங்கல்

"...சண்டை போடத்தானுங் கண்ணு போனேன். கடைசில என் கையாலயே மொதல் செங்கல்ல வெச்சுப்போட்டு வந்துட்டேன்!"

சரவணம்பட்டி பஸ்ஸில் முன் சீட்டு அம்மா இப்படிச் சொன்னதும், என் காது தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனுங்க்கா, பன்னெண்டு மாடி அபார்ட்மென்ட் வந்தா நம்ம போர்வெல் வத்திப்போயிரும்னு ஊடு ஊடாப் போய்ச் சொன்னதே நீங்கதானுங்களே?"

"ஆமாங்கறேன். போனா அங்க பூமி பூஜை. ‘வாங்கம்மா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க’ன்னு குங்குமம் குடுத்து, கல்லையும் கையில குடுத்துட்டாங்க. சாமி காரியத்துல எப்படிச் சத்தம் போடறது?"

"கேசரியும் சாப்பிட்டீங்களாக்கும்?"

"எலையே போட்டுட்டாங்க. எந்திரிச்சு வர முடியுமா?"

"நல்லா இருக்குது போங்க. இனி அந்தக் கேசரியக் கரைச்சுத் துணி தொவைங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இப்பவே மோட்டாரப் போட்டா காத்துதான் கண்ணு வருது. அத்தன குடும்பம் வந்து உறிஞ்சுனா நாம எங்க போறது?"

பஸ் மெதுவானது. வெளியே, தகர வேலியில் அபார்ட்மென்ட் படம் மாட்டிய காலி இடத்துக்குள் போர்வெல் லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குப் பூஜை ஒண்ணுமில்லையல்ல?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காய்கறிப் பையை அந்தப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் நிறுத்துங்க தம்பி" என்று கண்டக்டரிடம் சொல்லி இறங்கினார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராகப் போய் லாரிக்கு முன்னால் நின்றார்.