மெட்டு வழித் தகவல்

— அண்ணன் பேரை எடுத்துட்டுத் திருப்பதி பேரைப் போடச் சொல்றீகளா மதினி?

— ஆமா பானு. செத்துப்போன மனுசன் பேரு எத்தன நாளைக்குத்தான் அதுல கெடக்கும்?

— பழைய கம்பெனிக்காரன் இன்னிக்குச் சாயங்காலத்தோட கடையச் சாத்துறான். ஜீப்புச் சங்கத்து வெப்சைட்டு எல்லாத்தையும் புதுக் கம்பெனிக்கு மாத்துறது என் சோலி. தேவாரம் கிளை, பொட்டிபுரம் கிளை எல்லாம் முடிஞ்சிருச்சு. போடிமெட்டுக் கிளை ஒண்ணுதான் பாக்கி. அண்ணன் பாத்துக்கிட்ட சைட்டாச்சே, இனி யாரு பொறுப்புன்னு ஒங்களக் கேக்கலாம்னு போன் போட்டா, நீங்க பாட்டுக்கு ஜீப்பு ஓட்டுறவரு பேரைச் சொல்றீக.

— அவருதான புள்ள தெனமும் எழுதுறாரு.

— எதை?

— மெட்டு வழித் தகவலத்தான், மலைப்பாதை எப்பிடி இருக்குன்னு. 'மூடுபனி, மெதுவாப் போங்க.' 'பலாப்பழ சீசன், யானை எறங்கும்.' விடிகாலம் அதப் பாத்துட்டுத்தான நாங்க ஏலக்கா எடுக்க ஜீப்புல ஏறுறோம். ஒங்கண்ணன் போனப்பறமும் ஒரு நாளு நின்னுருக்கா?

— நிக்கல. ஆனா நீங்க எழுதுறீகன்னுல்ல நெனச்சேன்!

— நானா? எனக்குப் பாஸ்வேர்டே தெரியாதே.

— ஆபீசத் தொறந்ததும் மொதல்ல அதத்தான் படிப்பேன் மதினி. அச்சு அசல் அண்ணன் மாதிரியே எழுதுறீகளேன்னு எத்தன நாளு அழுதுருக்கேன் தெரியுமா?

— திருப்பதிகிட்டக் கேட்டுட்டேன். 'நான் இல்ல ரோஜா'ன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கூச்சம்னு விட்டுட்டேன். பங்குனியில ஒருநா 'மழை, வழுக்கும்'னு போட்டிருந்துச்சு. வெயிலு மண்டையப் பொளக்குது! 'தூக்கக் கலக்கத்துல எழுதுனதா'ன்னு கேலி பண்ணேன். வண்டியத் தொடைக்கப் போயிட்டாரு.

— அடேங்கப்பா. கேலி பண்ற அளவுக்கு வந்தாச்சா?

— சிரிக்காத புள்ள. அவரு என்னையக் கேட்டுருக்காரு.

— கல்யாணத்துக்கா?

— ம். விடியுமுன்ன எந்திரிச்சு, செத்துப்போன சிநேகிதன் பேருல, நான் பத்திரமாப் போகணும்னு ஒருத்தர் தெனமும் எழுதுறாருன்னா... அதுலதான் பானு மனசு எறங்கிருச்சு. வேற ஒண்ணுமில்ல. ஒங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும்.

— சொல்றேன். மொதல்ல சண்ட போடும், அப்பறம் அழும், அப்பறம் சரிங்கும். இருங்க, வெரசா இத மாத்திட்டு வந்து... என்ன இது?

— என்ன?

— 'வெளியிடக் காத்திருக்கும் பதிவுகள் புதிய தளத்திற்கு வராது'ங்குது.

— தமிழ்ல சொல்லு புள்ள.

— முன்னாடியே எழுதி, இன்ன தேதிக்கு வரணும்னு போட்டு வெச்ச வரிக. அந்தத் தேதி வந்தா அதுவா மேல வந்துரும். இன்னும் கெடக்கு மதினி. நாளைக்கு ஒண்ணு. நாளக்கழிச்சு ஒண்ணு. வரிசையாப் போய்க்கிட்டே இருக்கு.

— திருப்பதி எழுதி வெச்சதா?

— எழுதுன தேதியும் இருக்கு... எல்லாம் போன வருசம் ஆடி.

— ஆவணியிலதான அவரு...

— ஆமா மதினி. அண்ணன்தான். இத்தன நாளு நாம படிச்சது பூராவும் அண்ணன் எழுதுனதுதான்.

— இன்னிக்கு விடிகாலம் என்கிட்டப் பேசுனதும் அவருதானா? அடியே!

— உக்காருங்க. தண்ணி குடிங்க.

— ஆடி முழுக்கப் போனும் கையுமா மொட்டமாடியிலயே கெடந்தாரு. எவகூடய்யா பேச்சுன்னு சண்ட போட்டேன். வயித்துக் கட்டிய அறுத்து எடுத்தா சரியாப் போயிரும்னு என்கிட்டச் சொன்னாரே பானு. போகப்போறோம்னு தெரிஞ்சேதான் ஒக்காந்து எழுதிருக்காரு.

— நம்மகிட்ட லோடு எறக்கப் போறோம்னு சொல்லிட்டுத் திருப்பதியத்தான் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. திருப்பதிக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கும்.

— நாளைக்கு உள்ளது என்ன?

— 'கார்த்திகைக் குளிரு. ஜெர்கின் இல்லாம ஏறாதீக.'

— எனக்குத்தான் அது. நான்தான் மறந்துட்டு ஓடுவேன்.

— சாயங்காலம் இதெல்லாம் போயிரும். இப்பவே எல்லாத்தையும் படிச்சுக் காட்டவா?

— வேணாம். தெனம் ஒண்ணா வந்த மனுசன ஒரே நாள்ல படிச்சு முடிச்சா, இன்னிக்கு மறுபடியும் செத்த மாதிரில்ல இருக்கும்.

— அப்ப என்ன செய்யட்டும்?

— அவரு எனக்காக எழுதிட்டு இருக்காரு. நான் அதையே படிச்சுப்பிட்டு வேற ஒருத்தருக்கு மனசக் குடுத்துருக்கேன். எந்த மொகத்த வெச்சுக்கிட்டுக் கல்யாணம் பண்ணுவேன்? திருப்பதி பேரைப் போடாத பானு. வேற யாரையாச்சும் போட்டுக்க. நான் அவருகிட்ட முடியாதுன்னு சொல்லிர்றேன்.

— மதினி, அவசரப்படாதீக.

— கடேசியா உள்ளத மட்டும் படி. அதோட எல்லாத்தையும் முடிச்சுக்குவோம்.

— வர்ற தையில, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு வரவேண்டியது இது. ஐயோ... மதினி...

— படி புள்ள.

— 'இனிமே மெட்டு வழித் தகவலத் திருப்பதி சொல்லுவாப்ல. அவன் வண்டியில எல்லாரும் நம்பி ஏறலாம். ரோஜாவும்.'