சோளத்தட்டைப் பவுடர்

— விளக்கமெல்லாம் வேணாம் மாப்ள. என் ஷெட்ட நாளைக்குள்ள காலி பண்ணிக் குடுங்க, போதும்.

— ஒரு வாரம் பொறுங்க மாமா. மாத்திரைக் கம்பெனிக்காரங்க சாம்பிள் பார்க்க வர்றாங்க.

— எதைப் பார்க்க? மாடு திங்கிற சோளத்தட்டையக் காஸ்டிக் சோடாவுல வேகவெச்சிருக்கீங்களே, அதையா? மாத்திரைக்குள்ள போற பவுடர் மாப்ள அது. மரக்கூழ்லேர்ந்துதான் எடுக்கணும். மரக்கூழ் மில்லு நடத்துறவன் நான், எனக்கே வகுப்பெடுக்குறீங்க!

— தட்டையிலயும் அதே நார்தானே மாமா.

— இருக்கும் இருக்கும். இந்த டப்பாவுல என்ன? அட கண்றாவி! காமாலை வந்தவன் கண்ணு மாதிரி இருக்கு. கறுப்புத் தண்ணி போற வரைக்கும் அலசாம, அப்படியே வெளுப்பு மருந்தக் கொட்டியாச்சு. எந்தப் புத்திசாலி பார்த்த வேலை இது?

— நான்தான் மாமா. அவசரப்பட்டுட்டேன்.

— அதானே, உங்களத் தவிர வேற யாரு! இந்தா, அங்க நிக்கிறாளே என் பொண்ணு, அவ கையப் பாருங்க. தோலு உரிஞ்சு கெடக்கு. இந்த நாத்தத்துக்குள்ள அவளத் தண்ணி தூக்க விட்டிருக்கீங்க. வெக்கமா இல்ல?

— இருக்கு மாமா. இந்த ரெண்டாவது டப்பாவையும் பார்த்துட்டு மொத்தமாத் திட்டிடுங்களேன்.

— வெள்ளையா இருந்தாப் போதுமா? சுத்தமான சரக்குன்னா எரிச்சா சாம்பல் மிஞ்சக் கூடாது. அந்தப் பீங்கான் கிண்ணத்துல கொஞ்சம் போட்டு அடுப்பப் பத்த வைங்க. உங்க மானம் கப்பலேறட்டும்.

— கரியாகுது மாமா.

— கரியும் எரிஞ்சு போகட்டும். அப்பத்தான் வண்டவாளம் தெரியும்... ம்... இருங்க. சாம்பலக் காணோமே!

— ஊதிட்டீங்களா மாமா?

— நான் ஏன்யா ஊதப்போறேன்! என் மில்லுச் சரக்குலயே துளி மிஞ்சும். அடச்சே... இது உங்க கை கிடையாது மாப்ள. சத்தியமா கிடையாது. யாரக் கூட்டிட்டு வந்து செஞ்சீங்க? அந்த ஆள என் மில்லுக்கு அனுப்புங்க. கெமிஸ்ட் வேலை காலியாத்தான் இருக்கு.

— அந்த ஆளு உங்ககிட்ட வேலை கேட்டாச்சு மாமா. நீங்கதான் முடியாதுன்னுட்டீங்க.

— நானா? இப்படிக் கைத்தெறம இருக்கிறவன வேணாம்னு சொல்ல நான் என்ன கூமுட்டையா?

— கூமுட்டைதான்ப்பா. "பொம்பளப் புள்ளைக்கு மில்லுல என்ன வேலை"ன்னு எங்கிட்டதானே கேட்டீங்க? மஞ்சளாக் கெடுத்ததும் நான்தான், அவரு சும்மா பழிய ஏத்துக்கிட்டாரு. இதச் சுத்தமா எடுத்ததும் நான்தான். இப்ப என்னைக் காலி பண்ணச் சொல்லுங்க, பார்ப்போம்.