எங்கள் மூச்சைக் கேட்டவருக்கு

கொழும்புக் கடற்கரையின் குதூகல இசையைக் குளிர் நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த குழுத் தலைவரே! கிளாரினெற் ஏந்திய கையும் கனிவு ஏந்திய கண்ணும் கொண்ட கலைஞரே! ஆளுக்கொரு வேலையும் ஆளுக்கொரு கவலையுமாக வந்தவர்களை வெக்ஸ்போர்ட் தேவாலயத்தின் பேஸ்மென்றில் வரிசையாக இருத்தி, ஒரே மூச்சில் ஊத வைத்த வித்தகரே! எங்கள் மதிப்புக்கும் அன்புக்கும் அடிக்கடி கோபத்துக்கும் உரிய இராஜரட்ணம் மாஸ்டர் அவர்களே! தலைமையிலிருந்து நீங்கள் ஓய்வு பெறும் இந்த நாளில், உங்கள் ஜாஸ் குழுவினர் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு பியானோ வாசிக்கும் பத்மநாதனிடம் கொடுக்கப்பட்டது. அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்ததில் அடைமொழிகளே ஒன்றரைப் பக்கம் இருந்தன. வெட்டியது போக மிஞ்சியதைத்தான் இப்போது வாசித்தோம். உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தனியே சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால், சபையில் வைத்துச் சொல்வதென்று எல்லோருமாகத் தீர்மானித்தோம்.

வழமைப்படி முதலில் வாழ்க்கை வரலாறு. கொழும்பில் கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபத்தில், பின்வரிசைக் கடைசிக் கதிரையில் தொடங்கி, வெள்ளைக் கோட்டும் கழுத்தில் கறுப்பு ரையுமாகத் தலைவரின் இடத்துக்கு வந்தவர் நீங்கள். சொந்தக்காரர் விசாரித்தால் ‘ஹோட்டலிலை வேலை’ என்று மட்டும் உங்கள் வீட்டார் சொல்வார்களாம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடும் போய், கைப்பட எழுதிய இசைத்தாள்களும் போயின. திருத்தக் கொடுத்திருந்த கிளாரினெற் மட்டும் தப்பியது. ரொறன்ரோவுக்கு வந்து, தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடி அடித்துக்கொண்டே ஆட்களைத் தேடினீர்கள். சுரம் தெரிந்தவனுக்கு ஜாஸின் ஸ்விங் தாளம் தெரியாது, ஸ்விங் தெரிந்தவனுக்கு வேலைநேரம் ஒத்துவராது. அப்படியிருந்தும் ட்றம்பெற், ட்றொம்போன், சாக்ஸபோன் என்று மூன்று வரிசையும் நிறைந்த ஒரு பெரிய பாண்டை ஸ்காபரோவில் உண்டாக்கினீர்கள். கலியாண வரவேற்பில் கையைக் கட்டிக்கொண்டு இருந்த அங்கிள்மாரெல்லாம் கதிரையை விட்டு எழும்பி ஆடியதற்கு இந்தச் சபையிலேயே சாட்சிகள் உண்டு.

ஆனால் எங்களுக்குள் நீங்கள் பெயர் எடுத்தது அதற்காக அல்ல.

பயிற்சியின்போது பாட்டுத் தொடங்கு முன் ஹீற்றர் விசிறியை நிறுத்தச் சொல்வீர்கள். தை மாதக் குளிரிலும் நிறுத்தத்தான் வேண்டும். விசிறி அடங்கியதும் அந்தப் பேஸ்மென்றில் ஒரு அமைதி இறங்கும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தாளத்தை எண்ணுவீர்கள்: “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.” அந்த நாலில் ஊதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மூச்செடுக்க வேண்டும். இது எந்தப் பாண்டிலும் உள்ள பழக்கம். மற்றத் தலைவர்கள் அதற்குப் பிறகு வரும் இசையைக் கவனிப்பார்கள். நீங்கள் அந்த மூச்சைக் கவனித்தீர்கள்.

சில நாட்களில் பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஒருவரையும் பாராமல், “இந்த இடத்தை நிரூபா வாசிக்கட்டும்” என்று எங்களில் ஒருவரின் பெயரைச் சொல்வீர்கள். எழுந்து நின்று தனியே வாசிக்கும் சோலோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடும். காரணம் சொன்னதே இல்லை.

முதலில் சச்சிதானந்தன் அண்ணையிடமிருந்து எடுத்தீர்கள். தன் சாக்ஸபோனோடு மற்றவர்களின் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு படியேறும் மனிதர் அவர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு கிழமை உங்களோடு பேசாமல் இருந்தார். பிறகு இருமல் தொடங்கியது. நுரையீரல் என்றார்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். பனி கரைய முன்னர் அவரை எடுத்துக்கொண்டு போனோம். அப்போது ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்தது பிரியந்தன். முப்பது வயது ஆகாத பெடியன், பந்தடிக்காரன், தடிமன்கூடப் பிடித்ததில்லை. அவனுடைய ட்றம்பெற் சோலோவை எடுத்தபோது, “மாஸ்டருக்கு என்னோடை என்ன கோபம்?” என்று சிரித்தான். அதே மாதம் விட்பிக்கு வேலைக்குப் போகும் வழியில், 401 நெடுஞ்சாலையில், கண்ணுக்குத் தெரியாத ஐஸ் வழுக்கி ஒரு லொறிக்குள் போய்விட்டான். செத்த வீட்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூச்சில் நோய் கேட்கலாம். லொறி கேட்குமா?

அதற்குப் பிறகு பேஸ்மென்றுக்கு வந்தவர்கள் எல்லோரும் மூச்சை ஒளிக்கத் தொடங்கினார்கள். சிலர் மூன்றிலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். சிலர் வரும் வழியெல்லாம் இருமல் மிட்டாய் சப்பினார்கள். ட்றம்பெற்காரர் ஒருவர் தனக்குச் சோலோவே வேண்டாம் என்று எழுதித் தருவதாகச் சொன்னார். இல்லாததை எப்படி எடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. நாங்கள் உங்களை விட்டு ஓடவும் இல்லை, உங்களிடம் கேட்கவும் இல்லை.

போன தை மாதம் ஸ்ரீதரனின் முறை வந்தது. ட்றொம்போன் சோலோவை நீங்கள் நிரூபாவுக்கு மாற்றியதும் அவர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போனார். என்ன செய்கிறது என்று நேர்ஸ் கேட்க, “என்ரை சோலோவை எடுத்துப்போட்டார்” என்றாராம். அவர்கள் மனநல வைத்தியரைக் கூப்பிடலாமா என்று யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இருதயத்தையும் பார்த்திருக்கிறார்கள். பெரிய இரத்தக் குழாய் ஒன்று ஏறத்தாழ அடைத்துக் கிடந்தது. அவர் இன்று ட்றொம்போன் வரிசையில் இருக்கிறார். உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி மட்டும் குறை சொல்கிறார்.

இனி சித்திரை மாதத்துக்கு வருகிறோம். நாங்கள் எப்போதும் கடைசியாக வாசிக்கும் அந்த மெதுவான பாட்டு. நடுவில் எல்லோரும் ஓய, உங்கள் கிளாரினெற் தனியே நிற்கும் இடம். நீங்கள் எண்ணினீர்கள், நாங்கள் மூச்செடுத்தோம், நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

“இந்த இடத்தை அன்ரனெற் வாசிக்கட்டும்.”

அன்று ஹீற்றர் விசிறியை மறுபடி போடுவதற்கு ஒருவருக்கும் கை வரவில்லை. அடுத்த ஞாயிறு, முழங்கால் நோவென்று சொல்லி, ஐப்பசியோடு ஓய்வு என்று அறிவித்தீர்கள். குழுவை இனி அன்ரனெற் நடத்தட்டும் என்றீர்கள்.

அன்ரனெற்றைச் சபைக்குத் தெரியும். பிக்கரிங்கில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவர், எங்களுடைய முதல் சாக்ஸபோன். எதற்கும் கலங்காத பெண் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தச் சோலோ அவரை ஆட்டிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லாவற்றையும் வீட்டில் சுத்தமாக வாசிப்பார், அந்த இடம் வந்ததும் உதடு காய்ந்துவிடும். தான் அதை ஊதி முடிக்கும் நாளில் உங்கள் கதையும் முடிந்துவிடும் என்று அவருக்குள் ஒரு பயம் குடிகொண்டுவிட்டது. கிளினிக்கில் வந்தவர்களின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். இத்தனையும் அவர் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் உங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கும்.

“மாஸ்டர், அந்த இடத்தை நான் வாசிக்க மாட்டன்.”

“ஏன், மேல் சுரம் எட்டேல்லையோ?”

“எல்லாம் எட்டும். எனக்குப் பயமாக் கிடக்கு. பிரியந்தன்ரை மூச்சிலை உங்களுக்கு என்ன கேட்டது? இண்டைக்குச் சொல்லத்தான் வேணும்.”

நீங்கள் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

“ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. சச்சியின்ரை மூச்சு துணி கிழியிற மாதிரிக் கேட்டது. ஸ்ரீதரன்ரை மூச்சு இழுபட்டுக்கொண்டு வந்தது. பிரியந்தன் இருந்த கதிரையிலை மூச்சே இல்லை. பிறகு ஊதினவன், வடிவா ஊதினவன். ஆனால் மூச்செடுத்த சத்தம் அந்தக் கதிரையிலை இருந்து வரேல்லை.”

“உங்கடை மூச்சு?”

“மாசி தொடக்கம் கேட்டுப் பாக்கிறன். அதுவும் பிரியந்தன்ரை மாதிரித்தான்.”

“டொக்டரிட்டைப் போனீங்களோ?”

“வருத்தமெண்டால் டொக்டர் பாப்பார். மூச்சே இல்லாதவனை அவர் என்ன செய்யிறது?”

அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எங்கள் பாண்டில் அன்றுவரை நடந்த எதுவும் அந்தக் குரல் அளவுக்கு அன்ரனெற்றைப் பயமுறுத்தவில்லை.

வாசலில் அவர் சப்பாத்துப் போடும்போது உங்கள் துணைவி இராஜேஸ்வரி அன்ரி பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார். “படி ஏறேக்கை நடுவிலை நிண்டு யன்னலாலை வெளியிலை பாக்கிறார், பிள்ளை. பாக்கிறதுக்கு முன்வீட்டுக் கராஜ் மட்டும்தான் கிடக்கு. கேட்டால் சிரிக்கிறார்.”

அன்ரனெற் காருக்குள் ஏறி, சாவியைத் திருப்பாமல் இருந்தார். நீங்கள் மூச்சைக் கேட்ட விதத்தை நினைத்துக்கொண்டு தானும் எண்ணிப் பார்த்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. ஏதோ இடித்தது. மறுபடி எண்ணினார். நாலு என்று சொல்லும்போது மூச்சு வெளியே போகிறது. வெளியே போகிற அதே நேரத்தில் உள்ளே எடுக்க எவராலும் முடியாது. நாங்கள் எல்லோரும் மூச்செடுக்கும் அந்த நாலைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், தொடங்கிய நாளிலிருந்து, நீங்கள் ஒருவர்தான். எண்ணுகிறவரின் மூச்சு அந்த நேரத்தில் ஒருநாளும் கேட்காது. எங்கள் எல்லோரையும் கேட்ட காதுக்கு இது தட்டுப்படவில்லை. அன்ரனெற் ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதார். அழுது முடிந்ததும் இன்னொரு பயம் பிடித்தது. ஒருவேளை நீங்கள் சொன்னதுதான் சரியாக இருந்தால்?

ஆகவே போன ஞாயிறு நடந்ததை இப்போது சொல்கிறோம்.

“மாஸ்டர், இண்டைக்கு நான் எண்ணுறன், பழகவேணும்” என்று அன்ரனெற் கேட்க, நீங்கள் கிளாரினெற்றோடு எங்களுக்கு நடுவில் வந்து இருந்தீர்கள். நாலில் ஒருவரும் மூச்செடுக்கக் கூடாது, அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவர் உங்களைத் தவிர எல்லோருக்கும் முதல் நாளே ரெலிபோனில் சொல்லியிருந்தார். விசிறி நின்றது. அவர் எண்ணினார். நாலு வந்தது. நாங்கள் அடக்கினோம்.

அப்படியொரு அமைதியை எங்களில் ஒருவரும் முன்பு கேட்டதில்லை. பிரியந்தனின் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், தன் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது என்று பிறகு சொன்னார். எதுவும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் பேசி வைத்திருக்கவில்லை. அப்போது வந்தது. இரண்டு இடத்தில் தடக்குப்பட்டு, அடியில் ஒரு விசில் சத்தத்தோடு, மெல்ல மெல்ல உள்ளே போனது உங்கள் மூச்சு. கேவலமான மூச்சு, மாஸ்டர். ஆனால் அது இருந்தது. எல்லோரும் கேட்டோம். ஸ்ரீதரன் கண்ணைத் துடைத்தார்.

உங்கள் காது அப்போதும் எங்கள் பக்கமே இருந்திருக்கிறது. உங்களுடையதை நீங்கள் கேட்கவில்லை, எங்களுடையதைத் தேடினீர்கள். ஒரு கதிரையிலிருந்தும் மூச்சு வராத மண்டபத்தைக் கேட்டுவிட்டு உங்கள் முகம் வெளுத்ததை நாங்கள் கண்டோம். “இண்டைக்குக் காணும். காரை மெல்ல ஓடுங்கோ” என்று மட்டும் சொன்னீர்கள். இந்தக் கிழமை முழுவதும் ஒவ்வொரு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்து, சாப்பிட்டோமா, 401இல் போகாமல் வேறு பாதையில் போகலாமா, நெஞ்சுக்குள் ஏதும் செய்கிறதா என்று விசாரித்தீர்கள். உங்கள் மூச்சைக் கேட்பதற்காக உங்களைக் கலங்கடித்துவிட்டோம், அது எங்களுக்கு மிகவும் வருத்தம். நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். வேண்டுமென்றேதான் அடக்கினோம்.

உங்களுடையது பிரியந்தனின் கதை அல்ல, மாஸ்டர். அது ஸ்ரீதரனின் கதை. ஆகவே ‘நோயற்று நெடுநாள் வாழ்க’ என்று மடலை முடித்துவிட்டு மாலையைப் போட்டுப் போக நாங்கள் தயாராக இல்லை. நாளைக் காலை அன்ரனெற்றின் கார் உங்கள் வாசலில் நிற்கும். எந்தக் கதவால் போக வேண்டும், நேர்ஸிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஸ்ரீதரனுக்கு அத்துப்படி, அவர் கூட வருவார். அன்ரி பையை அடுக்கி வைத்துவிட்டார். நீங்கள் போய், பார்த்து, திருத்திக்கொண்டு, எங்கள் பிள்ளைகளின் கலியாணங்களிலும் ஊதி, எங்களைத் திட்டித் திட்டி நூறு வயது இருக்க வேண்டும். இதை நாங்கள் வாழ்த்தாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொள்கிறோம்.

இன்னும் சிறிது நேரத்தில் கடைசிப் பாட்டு. நடுவில் வரும் அந்த இடம் உங்களுடையது, அன்ரனெற் அதைத் தொட மாட்டார். முடிந்த மட்டும் ஊதுங்கள், மிச்சத்தை நாங்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். தாளத்தை அவர் எண்ணுவார். எங்கள் மூச்சை இன்று கேட்க வேண்டாம். நீங்கள் எண்ணவும் வேண்டாம். நாலு வரும்போது மூச்செடுங்கள், மாஸ்டர்.

இவ்வண்ணம்,
ஓய்வு கொடுத்தோமே தவிர உங்களை விட்டுக்கொடுக்காத
வெக்ஸ்போர்ட் ஜாஸ் குழுவினர்
ஸ்காபரோ, ஐப்பசி 1998