துடைத்தெடுத்த பூஞ்சை

உத்திரமேரூர் பஸ் நிலையம், காலை நேரம். சீஸ் பண்ணையில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பெண், பக்கத்து சீட் அக்காவிடம் சொன்னாள்:

“நேத்து சீஸ் மேல வெள்ளையா பூஞ்சை பூத்துக்கினு இருந்துதுக்கா. ஊறுகா ஜாடிய தொடைக்கிற மாதிரி, நல்லெண்ணெ தொட்டு அல்லாத்தையும் தொடச்சிட்டேன். அதான் தப்பாப் போச்சு.”

“தொடைக்கக் கூடாதா?”

“அந்தப் பூஞ்சைதான் அதுக்குத் தோலாம். அது இருந்தாத்தான் உள்ள எளகுமாம்.”

“அய்யய்யோ! ஓனரம்மா திட்னாங்களா?”

“இல்லக்கா. பழுத்தது ஒண்ண பிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய வெச்சாங்க. ஜில்லு போனதும் தோலோட வெட்டிக் குடுத்தாங்க. உள்ள வெண்ணெ மாதிரி வழியுது. காளான் வாசன வேற.”

“அத வுடு. வேல இருக்குதா, போச்சா?”

“கேக்கத்தான் வாயத் தொறந்தேன். இன்னொரு துண்ட வெச்சிட்டாங்க.”

“அப்பறமாச்சும் கேட்டியா?”

“அந்த ருசிக்கு முழுங்கவே மனசு வரலியேக்கா. இன்னிக்கிதான் கேக்கணும்.”